ஒரு கோப்பைப் பாலின் விலை என்ன?

மாதம் பிறந்ததும் கடைக்கு ஒரு துண்டு எழுதுகிறீர்கள். அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, தேங்காய் எண்ணெய், மிளகாய், பால்மா... எழுதி முடித்ததும் கையில் இருக்கும் காசை எண்ணிப் பார்க்கிறீர்கள். போதாது. துண்டில் எதையாவது வெட்டியாக வேண்டும். அரிசியை வெட்ட முடியாது. மாவை வெட்ட முடியாது. பெரும்பாலான வீடுகளில் பேனை போய் நிற்கும் இடம் ஒன்றுதான். அது பால்மா.

அதை வெட்டும்போது உங்கள் மனம் படும் பாடு எங்களுக்குத் தெரியும். அது பிள்ளையின் கோப்பை அல்லவா? ஆனாலும் வேறு வழி தெரியாமல் வெட்டுகிறீர்கள்.

இந்தக் கட்டுரை அந்த வெட்டுக்கோட்டைப் பற்றியது. கூடவே, நாம் அதிகம் நினைத்துப் பார்க்காத ஒருவரைப் பற்றியது. உங்கள் துண்டில் பால் வெட்டுப்படும் அதே நேரத்தில், முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காயில் ஒருவர் தமது மாட்டை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கக்கூடும். நீங்கள் வாங்க முடியாமல் தவிக்கிறீர்கள். அவர் விற்றும் மிச்சம் காணாமல் தவிக்கிறார். இரண்டு தவிப்புக்கும் நடுவில் நிற்பது ஒரே கோப்பைப் பால்தான். இது எப்படி நடந்தது? இதற்கு நம் வீட்டிலிருந்து நாம் செய்யக்கூடியது ஏதும் உண்டா? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பக்கற் சொல்லும் கதை

2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் 400 கிராம் பால்மாப் பக்கற்றின் கட்டுப்பாட்டு விலை 380 ரூபா. அந்த விலைக்கு அது கடையில் கிடைத்ததா என்பது வேறு விஷயம். வரிசையில் நின்றும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பக்கற் 480 ரூபா ஆனது. அந்த ஆண்டு முடியும்போது 540 ரூபா. 2022 மார்ச்சில் 790 ரூபா. பிறகு ஆயிரத்தையும் தாண்டியது.

பால்மா மட்டுமா ஏறியது? பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,675 ரூபாவாகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவில் போய் நின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். புரியும்படி சொன்னால், முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. சம்பளம் மட்டும் அப்படி ஏறவில்லை.

ஓராண்டு கழித்து, 2023 செப்டெம்பரில், மொத்தப் பணவீக்கம் 1.3 சதவீதமாகக் குறைந்ததென்று செய்தி வந்தது. "குறைந்துவிட்டதாம், ஆனால் கடையில் ஒன்றும் குறையவில்லையே!" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்று பொருளல்ல. ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். மாடிக்கு ஓடி ஏறியவர் இப்போது நின்று மூச்சு வாங்குகிறார், இறங்கி வரவில்லை.

சரி, பால்மா விலை ஏன் இப்படிப் பாய்ந்தது? நாம் குடிக்கும் பாலில் பாதிகூட இந்த நாட்டில் கறக்கப்படுவதில்லை. மிச்சம் நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து மாவாகக் கப்பலில் வருகிறது. நெருக்கடிக்கு முந்திய ஆண்டுகளில் இதற்காக நாம் ஆண்டுதோறும் செலவழித்தது 30 கோடி டொலருக்கும் மேல். டொலர் வற்றியபோது மாவும் வற்றியது. ரூபாவின் பெறுமதி விழுந்தபோது பக்கற்றின் விலை எழுந்தது. புல்லும் குளமும் உள்ள நாட்டில், பிள்ளையின் கோப்பை கடல் கடந்த மாட்டை நம்பி இருந்தது என்பதே இதன் உட்பொருள்.

துணுக்காய் எங்கே இருக்கிறது?

ஏ-9 வீதியில் மாங்குளம் சந்தியில் இறங்கி மேற்கே திரும்பினால் வெள்ளாங்குளம் வரை போகும் வீதி ஒன்று இருக்கிறது. அந்த வீதியில்தான் மல்லாவியும் துணுக்காயும். முல்லைத்தீவு மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளில் துணுக்காயும் ஒன்று. அங்குள்ள ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே மண்ணின் குணம் விளங்கும்: ஆலங்குளம், தென்னியங்குளம், உயிலங்குளம், அனிஞ்சியன்குளம். ஊருக்கு ஊர் குளம். பக்கத்திலேயே பாலியாற்றை மறித்துக் கட்டிய பெரிய வவுனிக்குளம். குளத்துக்குக் கீழே வயல், வயலுக்கு அப்பால் காடு. நெல்லும் மாடும்தான் இங்குள்ளவர்களின் சொத்து.

வன்னியில் மாடு என்பது பால் தரும் பிராணி மட்டுமல்ல. அதுதான் வீட்டின் வங்கிப் புத்தகம். மகளுக்குக் கலியாணம் பேசினால் ஒரு மாடு போகும். மகன் பல்கலைக்கழகம் போனால் ஒரு மாடு போகும். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் இரண்டு போகும். எரு வயலுக்குப் போகும். வயலின் வைக்கோல் மாட்டுக்குத் திரும்பி வரும். 2021ல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தபோது மாட்டெருவின் அருமை நாடு முழுவதற்கும் தெரிந்தது. துணுக்காய்க்காரருக்கு அது பாட்டன் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி.

விடியுமுன் தொடங்கும் வேலை

நீங்கள் சுபஹுக்கு எழும்பும் நேரத்தில் அவர்களும் எழும்பிவிடுகிறார்கள். இரவே கன்றுகளைப் பிரித்துக் கட்டியிருப்பார்கள். காலையில் கன்றை அவிழ்த்துச் சற்று ஊட்டவிட்டால்தான் நாட்டுப் பசு பால் சுரக்கும். பிறகு கன்றைப் பக்கத்தில் கட்டிவிட்டுக் கறப்பார்கள். கன்றுக்கும் மிச்சம் விட வேண்டும். காட்டில் மேய்ந்து வாழும் நாட்டுப் பசு நாளொன்றுக்கு ஒரு லீட்டர், மிஞ்சினால் இரண்டு லீட்டர் தரும். ஜேர்சி, பிரீசியன் கலப்புப் பசு பல மடங்கு தரும். ஆனால் அதற்கு நிழல் வேண்டும், பச்சைப் புல் வேண்டும், தவிடும் புண்ணாக்கும் வேண்டும், வைத்தியர் வேண்டும். வன்னி வெயிலில் அதைக் காப்பது பச்சைப் பிள்ளையை வளர்ப்பது போலத்தான்.

"எனக்குப் பத்து மாடு இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் நாம் பெரிய வருமானம் என்று நினைத்துவிடுகிறோம். கணக்குப் பார்ப்போம். பத்தில் இரண்டு மூன்று கன்றுகளாக இருக்கும். ஒன்றிரண்டு சினையாக இருக்கும்; பசு சினை சுமப்பது ஒன்பது மாதத்துக்கும் சற்று மேல். ஒன்றிரண்டு பால் வற்றியிருக்கும். கறவையில் நிற்பது மூன்றோ நாலோ. அவை எல்லாம் சேர்ந்து தருவது நாலைந்து லீட்டர். அந்த நாலைந்து லீட்டருக்காக வருடத்தில் 365 நாளும் வேலை. பெருநாளென்றும் பொங்கலென்றும் பார்த்து மாடு மடியைக் கட்டி வைப்பதில்லை.

கறந்தால் மட்டும் போதுமா? பச்சைப் பால் வெயிலில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ கானைக் கட்டிக்கொண்டு சேகரிப்பு நிலையத்துக்கு ஓட வேண்டும். அங்கே பால்மானி விட்டுப் பார்ப்பார்கள். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திண்மம் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை. மாடு நல்ல புல் தின்றிருந்தால் ஒரு விலை, காய்ந்த புல் தின்றிருந்தால் இன்னொரு விலை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். நம் வீட்டில் மின்விசிறி நின்றது. பால் குளிரூட்டும் தாங்கிக்கும் அதே மின்சாரம்தான் வேண்டும். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற மாதங்களில் பால் கொண்டு போகிறவரின் மோட்டார் சைக்கிளும் அந்த வரிசையில்தான் நின்றது. பால் காத்திருக்குமா?

மேய இடம் எங்கே?

கோடையில் குளம் வற்றும், புல் கருகும், பாலும் குறையும். மழை தொடங்கிக் காலபோகம் விதைத்தவுடன் வேறொரு தொல்லை. வயலெல்லாம் பயிர். மாட்டை அங்கே விட முடியாது. ஊருக்கு வெளியே காட்டோரமாகக் கொண்டுபோக வேண்டும். அறுவடை முடிந்தபின்தான் அரிதாள் மேய வயலுக்குத் திரும்பலாம். முன்பு மேய்ச்சலுக்கு விட்டிருந்த இடங்களில் சில இன்று வனப்பகுதியென எல்லை போடப்பட்டுவிட்டன; சில வயலாகிவிட்டன. மேய்ச்சல் தரையை ஒதுக்கித் தாருங்கள் என்பது வன்னிப் பண்ணையாளரின் நெடுநாள் கோரிக்கை. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் இதே மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரிலிருந்து வீதியோரத்தில் அமர்ந்து போராடியது பத்திரிகைகளில் வந்ததே.

இடமில்லாத மாடு வீதிக்கு வருகிறது. ஏ-9 வீதியில் வாகனத்தில் அடிபடுகிறது. ரயில் பாதையில் ஏறி மடிகிறது. "மாட்டைக் கட்டி வளர்க்கத் தெரியாதா?" என்று பேருந்தில் இருந்து நாம் சலித்துக்கொள்கிறோம். கட்டி வளர்க்கப் புல் நட வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும், அதற்கு நிலம் வேண்டும், முதல் வேண்டும். சலிப்பதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்வோம்.

நோயும் காலநிலையும் வேறு. 2020ல் மாடுகளின் தோலில் கழலை கழலையாக எழும்பும் நோய் வடக்கில் பரவியது. 2022 டிசம்பரில் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகள் ஓரிரு நாளில் விறைத்து மடிந்தன. இரவு பட்டியில் படுத்த மாடு விடியலில் எழும்பவில்லை. வங்கிப் புத்தகம் ஒரே இரவில் எரிந்ததற்கு ஒப்பானது அது.

ஒன்றுமில்லாமல் தொடங்கியவர்கள்

இந்த மக்கள் இன்று நமக்குப் பால் தருகிறார்கள் என்பதே ஓர் அதிசயம். 2008 ஓகஸ்டில் போர் துணுக்காய்க்கு வந்து சேர்ந்தது. மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்தபோது, செட்டிகுளம் முகாம்களில் இருந்தார்கள். மாடுகள் எங்கே? சில செல்லில் மடிந்தன, சில காட்டோடு காடாகின, சில யாரிடமோ போயின. மீள்குடியேற்றம் தொடங்கி ஊருக்குத் திரும்பியபோது பலருக்குப் பட்டியும் இல்லை, மாடும் இல்லை. கணவரை இழந்த எத்தனையோ பெண்கள் ஒரு பசுக்கன்றிலிருந்து தொடங்கினார்கள். கன்று வளர்ந்து பசுவாகி, சினைப்பட்டு, முதல் கோப்பைப் பால் கறக்க மூன்று வருடமாவது வேண்டும். அந்த மூன்று வருடமும் வருமானம் இல்லாமல் புல்லறுத்துப் போட்ட கைகள் அவை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்பதை நமது வாசகர்களில் பலருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதே முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அவர்களில் அடங்குவர். வீடும் தோட்டமும் கால்நடையும் ஒரே நாளில் கைவிட்டுப் போன வேதனையை நம் உம்மாக்களும் வாப்பாக்களும் சுமந்தார்கள். இரு சமூகமும் இந்த மண்ணில் இழந்து அழுதிருக்கிறது. அந்தக் கண்ணீர் ஒருவர் உழைப்பை மற்றவர் மதிக்கவாவது நமக்குக் கற்றுத் தரட்டும்.

விலை ஏறினால் அவருக்கு இலாபம்தானே?

பலர் கேட்கும் கேள்வி இது. பால் விலை ஏறும்போது பண்ணையாளருக்குக் கிடைக்கும் தொகையும் ஏறத்தான் செய்தது. ஆனால் தவிடும் ஏறியது, புண்ணாக்கும் ஏறியது, மாட்டு மருந்தும் ஏறியது, பெற்றோலும் ஏறியது. அவரும் நம்மைப் போலவே கடையில் சீனி வாங்குகிறவர்தான். வலக்கையில் வந்தது இடக்கையால் போய்விட்டது.

இன்னொரு தந்திரமும் இதில் இருக்கிறது. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. உலகச் சந்தையில் மா மலிவாக இருந்த காலமெல்லாம் நம் வீடுகள் மாவுக்குப் பழகின. பசும்பாலை மறந்தோம். "பால்" என்று பிள்ளையிடம் சொன்னால் பிள்ளை பக்கற்றைக் கைகாட்டும் நிலை வந்தது. வாங்க ஆளில்லாத பாலை யார் கறப்பார்? பட்டிகள் சுருங்கின. பிறகு மா விலை ஏறியபோது திரும்பிப் பார்த்தால், கறக்க மாடில்லை. அவசரத்துக்குச் சீமை மாடுகளைக் கப்பலில் கொண்டுவந்தும் பார்த்தார்கள். 2017ல் வெளிநாட்டிலிருந்து 5,000 பசுக்கள் வந்தன. பல நோயுற்று மடிந்தன. சொன்ன அளவு பால் தரவில்லை என்று கடன்பட்டு வாங்கியவர்கள் முறையிட்டார்கள். மாட்டைக் கப்பலில் ஏற்றலாம். அதை வளர்க்கும் கைப்பழக்கத்தை ஏற்ற முடியாது. அந்தப் பழக்கம் இருப்பது துணுக்காய் போன்ற ஊர்களில். அங்குள்ளவர் ஒரு முறை மாட்டை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குப் போய்விட்டால், அவர் மகன் மாட்டுக்குத் திரும்ப மாட்டான். இதுதான் நாம் அஞ்ச வேண்டிய நட்டம்.

ஆனந்த் சொன்ன பாடம்

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியாவின் குஜராத்தில் கைரா என்றொரு மாவட்டம். 1940களில் அங்கே பாலை வாங்கி பம்பாய்க்கு அனுப்பும் உரிமை ஒரே தனியார் கம்பனியிடம் இருந்தது. கம்பனி வைத்ததே விலை. 1946ல் உழவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: ஒரு சொட்டுப் பாலும் கொடுப்பதில்லை. பதினைந்து நாள் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் சேர்ந்தது இரண்டு கிராமம், நாளொன்றுக்குச் சுமார் 250 லீட்டர் பால். திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமை தாங்கினார். 1949ல் வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியியலாளர் வந்து சேர்ந்தார். அதுதான் இன்று உலகம் அறிந்த அமுல். 1970ல் இதே முறையை நாடெங்கும் பரப்பும் திட்டம் தொடங்கியது. முன்பு வெளிநாட்டுப் பால்மாவை நம்பியிருந்த இந்தியா, நூற்றாண்டு முடிவதற்குள் உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடானது.

அங்கே பெரும் பண்ணைகள் இருக்கவில்லை. ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த குடும்பங்கள்தான் இதைச் செய்தன. காலையில் பால் ஊற்றியவருக்குக் கொழுப்பை அளந்து நேர்மையாகப் பணம் கிடைத்தது. நம் வடக்கிலும் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்கி வந்திருக்கின்றன. அவற்றைப் பலப்படுத்துவது அரசின் கடமை. வாங்கிப் பலப்படுத்துவது நமது கடமை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

இனி உங்கள் அடுப்படிக்கு வருவோம். ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீட்டர் பால் கரைக்க ஏறத்தாழ 125 கிராம் பால்மா வேண்டும். ஆகவே 400 கிராம் பக்கற் என்பது மூன்று லீட்டருக்குச் சற்று மேல். கடையில் பக்கற்றின் விலையைப் பாருங்கள். மூன்றால் வகுங்கள். வருவது ஏறத்தாழ ஒரு லீட்டரின் விலை. அதைப் பக்கத்தில் பசும்பால் விற்கும் விலையோடு ஒப்பிடுங்கள். விளம்பரம் சொல்லாததை இந்த வகுத்தல் சொல்லிவிடும். பல ஊர்களில் பசும்பாலே இலாபம் என்று காண்பீர்கள்.

பசும்பால் வாங்கினால் நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். பச்சைப் பாலில் நோய்க்கிருமி இருக்கலாம். காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லையா? காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் காய்ச்சி மூடி வையுங்கள். மிஞ்சினால் விரல் பொறுக்கும் சூட்டில் ஒரு கரண்டி தயிர் கலந்து சட்டியில் ஊற்றி வையுங்கள். மறுநாள் தயிர். தயிரில் தண்ணீர் விட்டுக் கடைந்தால் மோர். ஒரு லீட்டர் பால் இரண்டு நாளைக்குப் பயன்படும்.

வீட்டில் பால் யாருக்கு முதலில் என்பதைத் தீர்மானியுங்கள். பெரும்பாலும் நாம் பாலை ஊற்றுவது பெரியவர்களின் தேநீரில். பெரியவர்கள் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீக்குப் பழகட்டும். மிஞ்சும் பால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் போகட்டும். வருகிறவர்களுக்குப் பால் தேநீர் கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவென்று எண்ணாதீர்கள். வருகிறவர் வீட்டிலும் இதே நிலைதான்.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயது ஆகும்வரை பசும்பால் பிரதான உணவாகாது. பக்கற்றில் வரும் குழந்தைப் பால்மாவைச் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் விட்டுக் கரைத்து நாளைக் கடத்தாதீர்கள், பிள்ளை மெலிந்துவிடும். டின் பாலைச் சுடுதண்ணீரில் கலக்கிக் கொடுப்பதும் பால் கொடுத்ததாகாது. அது சீனித் தண்ணீர். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் திரிபோஷ கிடைக்குமா என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பாலின் சத்தைப் பால் மட்டும்தான் தரும் என்பதில்லை. குரக்கனில் சுண்ணாம்புச் சத்து எடைக்கு எடை பாலை விட அதிகம். முள்ளோடு தின்னும் நெத்தலி, எள்ளு, முருங்கையிலை ஆகியவற்றிலும் உண்டு. கௌபி, பயறு, உழுந்து, கச்சான் ஆகியவை தசை வளர்க்கும். நோன்புக் கஞ்சிக்கு இறைச்சி வாங்க இயலாத நாளில் ஒரு பிடி பயறும் முருங்கையிலையும் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கோப்பையை வழித்துக் குடிப்பார்கள்.

மளிகைக்கும் சில வழிகள் சொல்லுகிறோம். துண்டு எழுதாமல் கடைக்குப் போகாதீர்கள், பசியோடும் போகாதீர்கள். சிறு சாஷேக்கள் மலிவென்று தோன்றும். கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் அவைதான் விலை கூடியவை. அறுவடை முடிந்த கையோடு அரிசி விலை இறங்கும். அப்போது நாலு வீடு சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கொப்பியில் அன்றாடச் செலவை எழுதி வையுங்கள். மூன்று மாதம் எழுதினால் காசு எந்த ஓட்டையால் ஒழுகுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். விருந்தில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் உணவை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். வீண் விரயம் நமக்குத் தடுக்கப்பட்டது. விலை ஏறியதால் வந்த கட்டளை அல்ல அது. மலிவான காலத்திலும் அதே கட்டளைதான்.

அவருக்கு நாம் செய்யக்கூடியது

பால்காரருக்கு மாதக் கடைசி வரை கடன் சொல்லாதீர்கள். அவர் மாடு கடனுக்குத் தின்பதில்லை. பெரிய கடையில் அச்சடித்த விலையைப் பேசாமல் கொடுக்கிறோம்; வாசலுக்கு வரும் பால்காரரிடம் ஐந்து ரூபாவுக்கு அடித்துப் பேசுகிறோம். இது நியாயமா? சிக்கனம் என்பது ஏழையின் கூலியில் பிடிப்பதல்ல. பாலில் தண்ணீர் கலந்தவரைக் கண்டால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் நேர்மையாக ஊற்றுபவருக்கு நேர்மையான விலை கொடுங்கள். விலை அடியோடு விழுந்தால் கலப்படம்தான் மிஞ்சும்.

உங்கள் அடுப்படியில் அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறித் தோலும் வாழைத்தண்டும் வீணாகப் போகின்றனவா? அயலில் மாடு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். உங்களுக்குக் குப்பை, அவருக்குத் தீவனம். காணி இருந்தால் வேலியோரத்தில் சீமைக்கிளுவை நடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் கோ-3 புல் நடுங்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான அந்தப் புல் நம் மண்ணிலும் நன்றாக வருகிறது. வெட்ட வெட்டத் தழைக்கும். அவர் அறுத்துக்கொள்வார், உங்களுக்கு எரு தருவார். பெருநாளுக்கு, கலியாணத்துக்குத் தயிர்ச் சட்டி வாங்கும்போது உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். நூறு வீடு அப்படிக் கேட்டால் ஒரு பட்டி நிலைக்கும்.

ஜூன் முதலாம் திகதியை உலகப் பால் தினமென்று ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2001லிருந்து கொண்டாடச் சொல்லி வருகிறது. அந்த ஒரு நாளில் பாராட்டிப் பேசுவது எளிது. பால்காரருக்கு வேண்டியது பேச்சல்ல. மேய ஓர் இடம், கறந்த பாலுக்கு உரிய விலை, கொடுத்த பாலுக்கு உரிய நேரத்தில் பணம். முதலாவதை அரசிடம் கேட்போம். மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

நாளை காலை பிள்ளையின் கோப்பையில் பாலை ஊற்றும்போது, "மகனே, இது பக்கற்றில் விளைந்ததல்ல. யாரோ ஒருவர் இருட்டில் எழும்பிக் கறந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கோப்பையில் மிச்சம் வைக்காமல் அவன் குடித்து முடிக்கட்டும்.